மலையைத் தவிர்த்து நான்கு நாள்

சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால். சென்னை பிராட்வேயில் சித்தூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. தலைக்கு ஆறு ரூபாய் இருபது காசு, எட்டு வயது மகளுக்கு அரை டிக்கெட். எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. கோடை விடுமுறை வந்தால் எங்கள் பெரம்பூர்த் தெருக்காரர்கள் பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்கும் பொருட்காட்சி ராட்டினத்துக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் திருப்பதிக்குப் போய் மொட்டையோடு திரும்புவார்கள். நான் அந்த ரகம் இல்லை என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு நோட்டு நிறையத் திட்டம் எழுதியிருந்தேன். சித்தூரில் அக்கா வீடு, சந்திரகிரிக் கோட்டை, திருச்சானூர்க் கடைவீதி, காளஹஸ்தியில் கலம்காரித் துணி. நோட்டின் மேல் 'மலையைத் தவிர்த்துத் திருப்பதி' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு.

நாங்கள் சித்தூர்ப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பம். மலைக்குப் போகாததற்கு அதையே காரணமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மைக் காரணம் ஜம்பம்தான். ஊரே பார்ப்பதைப் பார்க்காமல் வருவதில் ஒரு மிதப்பு.

அந்த மிதப்புக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மாலையே சோதனை வந்துவிட்டது. கீழ் வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரம்மா செண்பகத்தம்மாள் மாடியேறி வந்தார். கணவர் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, ஒரே மகள் வசந்தா. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். கையில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய, ஒட்டாத ஓர் உறை. மேலே 'ஸ்ரீநிவாசப் பெருமாள், திருமலை' என்று எழுதியிருந்தது. முதல் பத்திரிகையைச் சாமி பாதத்தில் வைப்பது அவர்கள் வழக்கம்.

"எனக்கு முட்டி வலி, ஏற முடியாது தம்பி. நீ உள்ள போக வேணாம், உங்க வழக்கம் எனக்குத் தெரியும். கோயில் வாசல்ல யார் கையிலயாவது குடுத்தா போதும். மீதிப் பத்திரிகை எல்லாம் நீ வந்தப்புறம்தான்" என்றார். படியிறங்கும்போது நின்று, "உள்ள ஒரு தடவ பாத்துடு தம்பி, சரியா இருக்கான்னு" என்றும் சொன்னார்.

மலைக்கே போகவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "அதுக்கென்னம்மா, குடுத்துடறேன்" என்றேன். உறையை என் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். பிரித்துப் பார்க்கவில்லை.

பத்தரை மணிக்குச் சித்தூர். நூற்றைம்பது கிலோமீட்டரில் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள், என் மனைவி ரூத் நான்கு முறை என்னைத் திட்டினாள். என் அக்கா எஸ்தர் வீடு மாதா கோயில் தெருவில். அவள் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர், சபையில் மூப்பர். எங்கள் நைனா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர். அதிர்ந்து பேசமாட்டார். அவர் ஒரு பார்வை பார்த்தால் நான் இன்றும் எழுந்து நின்றுவிடுவேன்.

சாப்பிட்டுவிட்டு நான் சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் அக்கா எங்கள் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைத்திருக்கிறாள். விழித்துப் பார்த்தால் உறை அவள் கையில். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"சட்டை காலர்லாம் மஞ்ச பட்டுக்கீது பாருடா" என்றாள் அக்கா. மாமாவை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"இது யாரு ஊட்டுக் கல்யாணம் சாமுவேலு?" என்று மாமா கேட்டார். "மலைக்கு எடுத்துக்கினு போறியா?"

என் முகத்தில் ஈயாடவில்லை. "சேச்சே! ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் குடுத்தாரு மாமா. தெரியாம பெட்டில வந்துடுச்சு. அவர் யாரு எவருன்னுகூட எனக்குச் சரியாத் தெரியாது."

மாமா உறையை அக்காவிடமிருந்து வாங்கி, பெட்டியில் பழைய இடத்திலேயே வைத்தார். அறைக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்ட ரூத் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மஞ்சள் கறை பட்ட காலரோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாற்றுச் சட்டைகளிலும் கறை. பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மத்தியானம் கிளம்பும்போது அக்கா ஒரு பச்சை ஜாக்கெட் துணியை ரூத்திடம் கொடுத்து, "உங்க ஊட்டுக்காரம்மா பொண்ணுக்குக் குடு, கல்யாணத்துக்கு" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அதை நான் யோசிக்கவில்லை.

சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர், மூன்று ரூபாய். பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே சந்திரகிரியில் இறங்கினோம். கோட்டையின் ராஜமகாலில் மரமே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வெயில் மறந்துபோகிறது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம். எங்களைத் தவிர அங்கே ஆடு மேய்ப்பவர் ஒருவர் மட்டும் இருந்தார். என் திட்டம் பலித்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரவு திருப்பதியில் தங்கி, திங்கட்கிழமை காலை ஜட்காவில் திருச்சானூர். ஐந்து கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் கேட்டு ஒன்றரைக்கு வந்தார் வண்டிக்காரர். "சாமி, மலைக்கு எப்போ?" என்றார். "மலைக்குப் போகலை" என்றேன். அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "திருப்பதி வந்து மலை ஏறலயா? ஒடம்பு சரி இல்லயா சாமி?" என்று பரிவோடு கேட்டார். ரூத் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிற்பகல் காளஹஸ்தி, முப்பத்தெட்டு கிலோமீட்டர். சுவர்ணமுகி ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். கலம்காரிக்கு மூங்கில் குச்சியின் நுனியில் நூல் சுற்றி, அதைச் சாயத்தில் தோய்த்துத் துணியில் கோடிழுக்கிறார்கள். கை நடுங்கினால் துணியே வீண். ஒரு மணி நேரம் நின்று பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டிக்குள் இருந்த உறை என் மண்டைக்குள்ளும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. திருப்பதி பஸ் நிலையத்தில் சென்னை வண்டி எட்டரைக்கு. பக்கத்திலேயே மலைக்குப் போகும் வண்டிகள். நினைத்திருந்தால் ஏறியிருக்கலாம், அடுத்த வண்டியில் ஊர் திரும்பியிருக்கலாம். நான் யாரிடம் தள்ளிவிடலாம் என்று ஆள் தேடினேன். தேங்காய்ப் பையோடு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தாள். புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் என்றாள். விஷயத்தைச் சொன்னதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உறையை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது நைனா. பேரு சொல்லித்தான வெக்கணும்? படி, மனசுல வெச்சிக்கினு போறேன்."

அப்போதுதான் உறையைப் பிரித்தேன். சத்தமாகப் படித்தேன். "எனது சகோதரி மகள் சௌபாக்கியவதி வசந்தாவுக்கும், திருத்தணி சிரஞ்சீவி சீனிவாசனுக்கும்..." நாள், நேரம், மண்டபம் எல்லாம் படித்தேன். கடைசி வரியில், 'தங்கள் நல்வரவை நாடும், தாய்மாமன் ஸ்தானத்தில்' என்று இருந்தது. அதற்குக் கீழே என் பெயர். ஆர். சாமுவேல்.

எப்படியோ பெயரையும் படித்துவிட்டேன்.

"சாமுவேலுன்னா யேசு சாமி ஆளுங்க பேராச்சே? யாரு நைனா அது?"

"எங்க தெருவுல ஒருத்தர்" என்றேன்.

"நல்ல மனுசன். கூடப் பொறக்காதவ பொண்ணுக்கு மாமனா நிக்கிறாரே. அவரு பேரையும் சொல்லி வேண்டிக்கினு வெக்கிறேன்." அவள் உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். அது நான்தான் என்று சொல்ல அரை நிமிடம் போதும். வண்டி போய்விட்டது. அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ரேணிகுண்டா, புத்தூர், நகரி, திருத்தணி என்று ஊர்கள் ஓடின. நோட்டில் எதுவும் எழுதவில்லை. பத்திரிகையில் என் பெயர் இருந்ததை ரூத்திடம் சொன்னேன். "மொதல்ல கீழ் வீட்டுல சொல்லுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்" என்றாள்.

பெரம்பூரில் வீட்டு வாசலிலேயே செண்பகத்தம்மாள் நின்றிருந்தார். நான் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மலைக்குப் போகாதது, பிரிக்காதது, யாரோ என்று சொன்னது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நேர்ல கேக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு தம்பி. அதான் ஒண்ணு மட்டும் அடிச்சு வாங்கி, பாக்கச் சொன்னேன். வேணாம்னா திருப்பிக் கொண்டாந்துடுவே, வெச்சுட்டு வந்தா சம்மதம்னு நினைச்சேன். அச்சாபீஸ்ல மீதிய நிறுத்தி வெச்சிருக்கேன்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பேர எடுத்துடச் சொல்லட்டுமா?" என்றார்.

"எடுக்காதீங்கம்மா" என்றேன். அப்போதுதான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

மறுநாள் அச்சகத்துக்கு நானே போனேன். பத்திரிகைக் கட்டு வந்ததும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையில் சித்தூர் விலாசத்தை எழுதினேன். 'இது நான் தெரியாது என்று சொன்ன பத்திரிகை. என்னை மன்னியுங்கள் மாமா' என்று உள்ளே ஒரு துண்டுச் சீட்டும் வைத்தேன்.

ஐந்தாம் நாள் மாமாவின் கார்டு வந்தது. ஐந்தே வரி.

'பத்திரிகை கிடைத்தது. நீ இங்கே வந்த அன்றைக்கே அக்கா உறையைப் பிரித்துப் படித்துவிட்டாள். உன் பெயரைப் பார்த்து எனக்கு மிகவும் சந்தோஷம். அதை உன் வாயால் கேட்கத்தான் யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டேன். நாங்கள் இருவரும் முதல் நாளே வந்துவிடுகிறோம்.'