ஆறு வயதுப் பல்

வரிசையில் நின்றபடியே தன் மகளின் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு, கடைவாய்ப் பக்கம் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலை வழித்து எறிந்துகொண்டிருந்தார் அவர். நகத்திடுக்கில் செம்மண் ஏறிய விரல். "டாக்டரம்மா பாக்கறப்ப வாயி சுத்தமா இருக்க வாணாவா? மானத்த வாங்காத, நல்லா கொப்புளிச்சித் துப்பு" என்று அதட்டினார். மகள் துப்பினாள். பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையில் அவித்த மல்லாட்டையை முடிந்து வந்திருந்த அவர், எங்கள் குழுவில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு கைப்பிடி கொடுத்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் பெயர் என் பதிவேட்டில் தாய் என்ற கட்டத்தில் இருந்தது. ஆனால் எங்களுக்கு அவர் அன்றிலிருந்து மல்லாட்டை அக்காதான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் தட்டச்சு, கணினி, இந்தி என்று ஒரே சமயத்தில் மூன்று வகுப்புகளுக்குத் திருவண்ணாமலைத் தெருக்களில் சைக்கிளில் பறந்துகொண்டிருந்தவள் நான். பள்ளிப் பிள்ளைகளின் பல்லுக்கு அரசு செலவிடும் ஒரு திட்டத்தில் தற்காலிகமாகப் பதிவேடு எழுத ஆள் வேண்டும் என்றதும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். திட்டம் எளிமையானது. பல் பிடுங்குவதற்கு அரசு மருத்துவமனையில் யாரும் காசு கேட்கமாட்டார்கள். சொத்தையைச் சுரண்டி அடைப்பதென்றால்தான் சங்கடம். அடைக்கிற மருந்து பெரும்பாலும் இருப்பில் இருக்காது. தனியார் டாக்டரிடம் போனால் ஒரு வாரக் கூலி போய்விடும். ஆகவே, இல்லாத வீட்டுப் பிள்ளையின் பல் வலித்தால் ஒரே வைத்தியம் குறடுதான். அதைத்தான் அந்தத் திட்டம் மாற்றப் பார்த்தது. நாங்கள் வேனில் கிராமத்துப் பள்ளிகளுக்குப் போவோம். டாக்டரம்மா பார்ப்பார். அடைத்துக் காப்பாற்றக்கூடிய பல் என்றால் ரோஸ் நிறச் சீட்டு. அந்தச் சீட்டோடு மாவட்ட மருத்துவமனைக்குப் போனால் பிள்ளையின் பெயருக்கென்று மருந்து ஒதுக்கியிருப்பார்கள், கூட வரும் ஒருவருக்கும் சேர்த்து பஸ் காசும் கொடுத்துவிடுவார்கள். சிகிச்சை தேவையில்லை என்றால் வெள்ளைச் சீட்டு.

ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் எண் உண்டு. டாக்டரம்மா பிள்ளையின் வாயிலிருந்து கண்ணெடுக்காமல் எண்ணையும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக்கொண்டே போவார். நான் பதிவேட்டில் எழுதி, சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். என் வேகத்தில் எனக்கு அவ்வளவு பெருமை. ஒரு பிள்ளையைப் பார்த்து முடிப்பதற்குள் சீட்டில் பாதியை நிரப்பி வைத்துவிடுவேன். "எந்த ரயிலும்மா புடிக்கணும் ஒனக்கு?" என்று டிரைவர் அண்ணன் கேட்பார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மல்லாட்டை அக்காவின் மகளுக்கு ஏழு வயது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் கீழே இடப்பக்கத்துக் கடைசிப் பல்லைத் தொட்டுக் காட்டினாள். அக்கா என் மேசைப் பக்கம் குனிந்து, "பால் பல்லுதாம்மா அது. அந்த எடத்துல இன்னும் ஒரு பல்லும் உழல. புதுப் பல்லா இருந்தா பழசு உழுந்திருக்கணும் இல்ல?" என்றார். எவ்வளவு நியாயமான பேச்சு! அந்த ஒரு பல் மட்டும் அந்த நியாயத்துக்கு அடங்காது. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைத்துவிடுகிற பல் அது. ஆயுளுக்கும் அந்த ஒன்றுதான், போனால் மறுபடி வராது. கல்லூரியில் படித்திருக்கிறேன். படம் வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். இருந்தும் அக்கா சொல்லி முடித்த மறுநொடி, வெள்ளைச் சீட்டில் என் கை எழுதிவிட்டது: பால் பல், தானாக விழும், சிகிச்சை தேவையில்லை. பின்னாலேயே டாக்டரம்மாவின் குரல் வந்தது. "முப்பத்தாறு. ஆழமான சொத்தை. ஆஸ்பத்திரி." பதிவேட்டில் முப்பத்தாறு என்று ஒழுங்காகத்தான் எழுதினேன். காதிலிருந்து நேராகக் கைக்குப் போயிற்று, மூளைப் பக்கம் திரும்பவேயில்லை. முன்பே எழுதி வைத்திருந்த வெள்ளைச் சீட்டைக் கிழித்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, "அடுத்தது வாங்க" என்றேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய பட்டியலைப் படி எடுக்கும்போதுதான் பார்த்தேன். பதிவேட்டில் முப்பத்தாறு, அதாவது அந்த ஆறு வயதுப் பல்லின் எண்; சீட்டின் அடிக்கட்டையில் பால் பல். இரண்டும் என் கையெழுத்து. பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, ரோஸ் சீட்டு ஒன்றை அந்தப் பள்ளி வாத்தியாரிடம் கொடுத்து அனுப்பியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அரை மணி நேரம் அப்படிச் செய்யலாமா என்று யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். பிறகு ரோஸ் சீட்டு ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து அவர்கள் ஊருக்கு ஷேர் ஆட்டோ.

தெருக் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தார் அக்கா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "வாம்மா ரிஜிஸ்டர் பாப்பா! இந்தாங்கடி, சீட்டு எழுதிக் குடுத்துச்சே, அந்தப் பொண்ணு இதுதான்" என்று மற்றப் பெண்களிடம் காட்டினார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் என் தவறு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்தத் தெருவில் இன்னும் ஆறு பிள்ளைகளுக்கு ரோஸ் சீட்டு கொடுத்திருந்தோம். எல்லாம் அதே ஆறு வயதுப் பல். "அதே பல்லு, அதே எடம். என் பொண்ணுக்கு மட்டும் தானா உழும்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துக்கீது. அப்புறம் இவளுங்க எதுக்கு ஒரு நாள் கூலிய உட்டுட்டு ஆஸ்பத்திரில போய் நிக்கணும்? நான்தான் வாணாம்னு சொல்லிட்டேன்" என்றார் பெருமையாக. சாமி படத்துக்குப் பின்னால் என் வெள்ளைச் சீட்டைப் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. டாக்டரம்மா சொல்லி எழுதிய ஆறு சீட்டுகளை நானாக எழுதிய ஒரு சீட்டு தோற்கடித்திருந்தது. வீட்டுக்குள்ளிருந்து மகள் வந்தாள். இடக்கன்னம் வீங்கியிருந்தது. "உழறதுக்கு முன்ன இப்பிடித்தான் வீங்குமா?" என்று அக்கா என்னிடமே கேட்டார்.

"தப்பா எழுதிட்டேன்க்கா" என்றேன்.

"யாரு, டாக்டரம்மாவா?"

"இல்லக்கா, அவங்க சரியாத்தான் சொன்னாங்க. நான் அதுக்குள்ள எழுதிட்டேன்."

"ஓஹோ" என்றார். குடத்தை எடுத்து ஓரமாக வைத்தார். "படிச்ச கை இன்னா வேகம் பாருங்கடி! நாங்க கள எடுக்கறப்போகூட எது பயிர், எது புல்லுனு ஒரு தபா பாத்துட்டுத்தான் கைய வெப்போம்." யாரோ சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து இரங்குவார் என்று நினைத்தேன். அவர் இரங்கவில்லை. "அழுவறத அப்புறம் வெச்சுக்கலாம். என்னாண்ட சொன்னா பத்தாது. ஆறு வூட்ல நான் வாய உட்டுக்கீறேன். ஆறு வூட்டு வாசல்லயும் வந்து நீயே சொல்லு" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

முதல் வீட்டில் நான் நிறையப் பேசினேன். பல்லின் அமைப்பு, கூட்டம், அவசரம். அக்கா இடையில் புகுந்து, "அதெல்லாம் உடு. யாரு தப்புனு சொல்லு" என்றார். நாலாவது வீட்டுக்குள் என் பேச்சு இரண்டு வாக்கியமாகச் சுருங்கிவிட்டது: நான் தப்பாக எழுதினேன், இது மறுபடி முளைக்காத பல். அவ்வளவுதான். ஆறாவது வீட்டுக்காரர் மட்டும், "அந்தச் சீட்டும் நீதான் எழுதுன, இப்பவும் நீதான் சொல்ற. எதம்மா நம்பறது?" என்று கேட்டார். அக்காதான், "தப்புன்னு சொல்லிக்கினு எந்த ஆபீஸ்காரராவது இதுக்கு முன்ன நம்ம வூட்டாண்ட வந்துகீறாரா? அதுக்காகவாவது நம்புங்க" என்றார்.

மறுநாள் காலை ஏழு தாய்மாரும் ஏழு பிள்ளைகளும் நானும் பஸ்ஸுக்கு நின்றோம். பௌர்ணமி என்பதை அவசரத்தில் நான் யோசிக்கவில்லை. மலை சுற்றப் போகிற கூட்டம் படிக்கட்டு வரை தொங்கியது. "இந்தப் பொடிசுங்கள இட்டுக்கினு பதினாலு கிலோமீட்டர் நடக்கப் போறீங்களா?" என்றார் கண்டக்டர். "நாங்க சாமி பாக்க வரலப்பா, பல்லு காட்டப் போறோம். ஒன்னோடதும் ஆடுது, வரியா?" என்று அக்கா கேட்க, பஸ்ஸே சிரித்தது. வீங்கிய கன்னத்தோடு மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, இவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். அதுவும் அவசரம்தான்.

மருத்துவமனையில் மற்ற ஆறு பிள்ளைகளுக்கும் பல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். மல்லாட்டை அக்காவின் மகளை மட்டும் அங்கிருந்த டாக்டர் நெடுநேரம் பார்த்தார். சீழ் வேருக்கு இறங்கிவிட்டது, பத்து நாள் முன்பு வந்திருந்தால் அடைத்திருக்கலாம், இனி பிடுங்கத்தான் வேண்டும் என்றார். என்னிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடிக்கோடி, அம்மா கீறேன்" என்றார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து திட்டுக்காகக் காத்திருந்தேன். அந்தத் திட்டு இன்றுவரை வரவில்லை.

இப்போது அந்தத் திட்டம் இல்லை, எங்கள் வேனும் இல்லை. செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் போனால் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் பல் மருத்துவமனைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் திட்டம் இருந்த மிச்ச நாளெல்லாம், எங்கள் வேன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கு வந்தாலும் தெருப் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு மல்லாட்டை அக்கா வந்துவிடுவார். நடுவிலிருந்து ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணுவார். "அஞ்சு வரைக்கும் பால் பல்லு. ஆறாவது சொந்தப் பல்லு. அத உட்டா போச்சி" என்பார். எந்தச் சுவரொட்டியும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. நான் சீட்டு எழுதி முடித்ததும் அதை வாங்கி, பக்கத்தில் நிற்கும் யாராவது ஒரு பெரிய வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார். எனக்குக் கோபம் வந்ததேயில்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. மரத்தடியும் டிரைவர் அண்ணனின் கிண்டலும் அந்த முந்தானை முடிச்சும் என்று எல்லாமே வேண்டும்போல் இருக்கிறது, அன்று திரும்பி வந்த பஸ்ஸைத் தவிர.

அந்த பஸ்ஸில் கூட்டமில்லை. பக்தர்கள் எல்லோரும் மலை சுற்றப் போய்விட்டிருந்தார்கள். மகள் ஜன்னலோரம், நடுவில் நான், அந்தப் பக்கம் அக்கா. பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த மகளின் கையில், நர்ஸ் மடித்துக் கொடுத்த காகிதத்தில் அந்தப் பல் இருந்தது. முன்பு விழுந்த பற்களையெல்லாம் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்திருக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் புதிது வந்திருக்கிறது. பஞ்சை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "எக்கா, இதயும் கூர மேல போட்டா மொளைக்குமா?"

நான் அக்காவைப் பார்த்தேன். "என்ன இன்னாத்துக்குப் பாக்கற? ஒன்னத்தான கேக்கறா. சொல்லு" என்றார்.

"மொளைக்காது, கண்ணு."

அவள் அந்தக் காகிதத்தை என் பக்கம் நீட்டினாள். "அப்ப நீயே வெச்சுக்கோ."

வாங்கிக்கொண்டேன். அவர்கள் ஊர் வரும்வரை கையைத் திறக்கவில்லை.