குங்குமம் வைக்காத பெட்டி

ஜெபகுமார் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சேலையூர் கேம்ப் ரோட்டில் முகிலன் நடத்தும் பைக் ஷெட்டில் அவர்தான் மூத்த மெக்கானிக். வேலை இல்லாத நேரத்திலும் ஸ்பேனரைத் துடைப்பார், வாசல் வரை போவார், திரும்புவார். கையில் மோதிரம் இல்லை, வாட்ச்கூட இல்லை. அவருடைய பெந்தெகொஸ்தே சபையில் நகை கூடாது, கல்யாணத்தில் தாலியும் கூடாது. டீக்கடையில் சினிமாப் பாட்டு ஓடினால் டம்ளரோடு வெளியே வந்துவிடுவார்.

ஆயுதபூஜை அன்று முகிலன் எல்லா சாமான்களுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பான். ஜெபகுமாரின் டூல்ஸ் பெட்டி வந்தால் அதைத் தாண்டிப் போவான். படையலுக்கு வைக்காத பன் பாக்கெட் ஒன்று அவருக்குத் தனியாக வந்துவிடும். இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த மெக்கானிக் பிரசன்னா பொரியை நீட்டினான்.

"எனக்கு வேணாம்பா. படைச்சத சாப்பிட மாட்டேன்."

"பொரி இன்னாண்ணா பண்ணுச்சு?" பிரசன்னா சிரித்தான். "அடிப்படைவாதி, அடிப்படைவாதின்னு டிவில கத்தறானுங்களே, எங்கியோ கீறானுங்கன்னு நென்ச்சேன். நம்ம ஷெட்லயே ஒருத்தர் கீறாரு."

"டேய், அவுரு பாட்டுக்கு கீறாரு. ஒனக்கு இன்னா பேஜாரு?" என்றான் முகிலன்.

எல்லோரும் சிரித்துவிட்டு மறந்தார்கள். ஜெபகுமாரால் முடியவில்லை. அவரைப் பொறுத்தவரை அது துப்பாக்கி தூக்குகிறவர்களுக்கான வார்த்தை. ஆனால் எதிர்க்கடை சீட் கவர் பாட்சா வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடையைச் சாத்தியபோது இதே வார்த்தையை இவரும் சொல்லியிருக்கிறார். அன்று நாக்கு கூசவில்லை.

பூஜை முடிந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் தன் வீட்டுக்குள் நுழைந்தபோது மகன் பிரிட்டோவும் அவன் கட்டிக்கொள்ளப்போகும் சினேகாவும் காத்திருந்தார்கள். சினேகா வேறு சபையைச் சேர்ந்தவள். அங்கே தாலி உண்டு, கம்மல் உண்டு. அவள் கம்மலைக் கழற்ற வேண்டும், தாலி கூடாது, சம்மதித்தால்தான் கல்யாணத்தை நடத்திவைப்பேன் என்று ஜெபகுமாரின் சபை பாஸ்டர் சொல்லியிருந்தார். அதைச் சொல்லத்தான் இவர் அவளை வரச்சொன்னார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஏம்மா, நீ ஹிஸ்டரி டீச்சராச்சே. அடிப்படைவாதின்னா யாரு?"

"அமெரிக்கால நூறு வருஷத்துக்கு முன்னாடி சில கிறிஸ்தவங்க தங்களுக்குத் தாங்களே வச்சுக்கிட்ட பேர் மாமா. வேதத்தோட அடிப்படைய விட்டுத்தர மாட்டோம்னு பெருமையா சொல்லிக்கிட்டாங்க. பின்னாடி எல்லா மதத்துக்கும் அந்தப் பேர் போச்சு. இப்போ பிடிக்காதவங்களத் திட்டறதுக்கும் அதான்."

அவர் பொரி விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க சாப்பிடாதது உங்க இஷ்டம். அதுக்குப் போய் அந்தப் பேரா? மத்தவங்க கையில இருக்கறதத் தட்டிவிட்டீங்கன்னா, அது வேற."

ஜெபகுமாருக்கு மனசு லேசானது. அந்த வேகத்திலேயே கம்மல் விஷயத்தையும் சொல்லிவிட்டார்.

சினேகாவின் கை காதுக்குப் போனது. "கழட்டலன்னா?"

"கல்யாணம் நடக்காதும்மா."

"நானும் தினமும் ஜெபம் பண்றவதான் மாமா," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து செருப்பைப் போட்டாள். அவளைக் கொண்டுபோய் விட வண்டிச் சாவியை எடுத்த பிரிட்டோ வாசலில் நின்றான். "ஷெட்ல அவன் விளையாட்டுக்குச் சொன்னான்பா. நீங்க நிஜமாக்கிட்டீங்க."

மறுநாள் ஷெட் முழுக்கக் குங்குமம். அவருடைய பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. இத்தனை வருஷமும் அதைத் தன் விசுவாசத்தின் வெற்றி என்றே நினைத்திருந்தார். பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவர், கடைசியில் கேட்டார்: "இதுக்கு மட்டும் ஏன் வைக்கறதில்ல? ஷெட்டு உன்னோடதுதானே."

முகிலன் தலை நிமிராமல் சொன்னான்: "ஷெட்டு என்து. பொட்டி ஒன்து."

ஜெபகுமார் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பாஸ்டரைப் பார்க்கப் போனார்.

"சபை ஒழுங்க ஒருத்தருக்காக மாத்த முடியாது பிரதர்," என்றார் பாஸ்டர்.

"மாத்த வேணாம் பாஸ்டர். நானும் மாறல. கல்யாணத்த அந்தப் பொண்ணு சபையில வச்சிக்கறோம்."

"தாலி கட்டறப்ப நீங்க அங்க நிப்பீங்களா?"

ஜெபகுமார் ஸ்தோத்திரம் சொல்லிக் கிளம்பினார். வெளியே வந்து சினேகாவுக்குப் போன் செய்தார். "கம்மலோடவே வாம்மா," என்று மட்டும் சொன்னார். "சரி மாமா," என்றாள்.

கல்யாணம் மேற்குத் தாம்பரத்தில் சினேகாவின் சர்ச்சில் நடந்தது. முன்வரிசை நாற்காலியை விட்டுவிட்டு ஜெபகுமார் தூண் பக்கமும் கதவுப் பக்கமும் நடந்துகொண்டிருந்தார். பிரிட்டோ தாலியைக் கையில் எடுத்ததும் வெளியே வந்துவிட்டார். அங்கே முகிலன் புதுச் சட்டையில் நின்றிருந்தான்.

"இன்னா, உள்ள போலயா?"

"தாலி கட்டறாங்க. முடியட்டும்."

முகிலனும் அவரோடு வெயிலிலேயே நின்றான்.

உள்ளே பாட்டு எழுந்ததும் ஜெபகுமார் போனார். சினேகா தலை குனிந்தாள். காதில் கம்மல், கழுத்தில் தாலி. அவள் தலையில் கை வைத்து அவர் வழக்கம்போல நீளமாகவே ஜெபித்தார்.

பந்தியில் பிரசன்னா பிரியாணித் தட்டை நீட்டினான். "எதுக்கும் படைக்கலண்ணா. தைரியமா சாப்டு."

"உக்காந்து சாப்புடேன்யா," என்றான் முகிலன்.

ஜெபகுமார் தட்டை வாங்கி, வாசலையே பார்த்தபடி, நின்றுகொண்டே சாப்பிட்டார்.