துண்டுக்குள் கொடுத்த கை

என் அலமாரியில் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே கட்டம் போட்ட பழைய துண்டு ஒன்று மடித்தபடி இருக்கிறது. புத்தகங்களை அரிக்கும் பூச்சிகள் அதைத் தொடுவதில்லை. ஆட்டுத்தோல் வாடை இன்னும் போகவில்லை. ஆம்பூர்த் தரகர் ஒருவருடையது. அவர் அதை எனக்குப் பரிசாகத் தரவில்லை.

அப்போது நான் பட்டணத்தில் சட்டம் கற்பிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி உலகத்தை உய்விக்கும் உத்தேசத்தில் இருந்தேன். தோல் மண்டியில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள், துண்டுக்கடியில் விரலைத் தொட்டே பேசுவார்கள் என்று கேள்விப்பட்டதும், அது சட்டப்படி செல்லுமா என்று ஓர் அத்தியாயம் எழுத ரயிலேறிவிட்டேன்.

தரகர் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார். "விரலத் தொட்டா வெலை சார். கையப் புடிச்சுக் குலுக்கிட்டா முடிஞ்சுபோச்சு. அப்பறம் பேச்சே கெடையாது." சரக்குக்குச் சொந்தக்காரரான சாயபுவின் கையையும் என் கையையும் சேர்த்துத் துண்டால் மூடினார். வாங்க வந்திருந்த நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். சாயபு என் விரல்கள் மூன்றைப் பிடித்தார். பட்டென்று விலை புரிந்துவிட்டது. புரிந்த மகிழ்ச்சியில், இங்கிலீஷ் மரியாதைப்படி, அவர் கையை இறுகப் பற்றிக் குலுக்கி நன்றி சொன்னேன்.

சுற்றி நின்றவர்கள் கலைந்து அடுத்த மண்டிக்குப் போய்விட்டார்கள்.

"சரக்க எங்க எறக்கணும் சார்? உங்க தெருவுல வண்டி திரும்புமா?" என்றார் சாயபு.

வண்டி நிறைய உப்புத்தோலுடன் வாசலில் வந்திறங்கும் கணவனை என் மனைவி எப்படி வரவேற்பாள் என்பது கண்ணெதிரே தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன்: பிரசங்கம். மனம் ஒப்பாத இடத்தில் ஒப்பந்தம் இல்லை. நான் வாங்க வந்தவனல்ல, தெரிந்துகொள்ள வந்தவன். ஆகவே இது செல்லாது.

"தமாஷுக்கெல்லாம் துண்டு போடறதில்ல சார்," என்றார் சாயபு. "போனவங்க இனிமே இந்த வெலைக்கு வருவாங்களா? தரகரு இன்னா சொல்றாரு?"

தரகர் துண்டை எடுத்து உதறினார். அவர் துண்டுக்கடியில் முடிந்த பேரம் ஒன்றுகூட அதுவரை முறிந்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் எல்லோரும் அதற்குள் கை விட்டார்கள். அவருக்குப் பிழைப்பும் அதுதான்.

"சார் சொல்றது சட்டம். வுட்டுடுங்க பாய்," என்றார் கடைசியில். பிறகு துண்டை ஒழுங்காக மடித்து என் மடியில் வைத்தார். "நீங்களே வெச்சுக்கோங்க சார். இனிமே இதுக்குள்ள எவன் கைய வுடுவான்?"

வகுப்பறைக்கு வெளியே ஒரு வாதத்தில் நான் ஜெயித்தது அந்த ஒரு தரம்தான். அத்தியாயத்தை எழுதவில்லை; நூலும் அத்துடன் நின்றது. உலகம் எப்படியோ சமாளித்துக்கொண்டது. ரயில் ஆம்பூரை நெருங்கினால் இன்றும் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். அவர் வேறு துண்டு போட்டுக்கொண்டாரா, வேறு பிழைப்புக்குப் போனாரா, ஒரு தரம் இறங்கி விசாரித்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் பயம்.

ஆண்டுதோறும் பரீட்சையில் இதையே கேள்வியாகக் கேட்கிறேன். செல்லாது என்று எழுதுபவனுக்கு முழு மதிப்பெண். அதுதான் சரியான விடை. போன வாரம் படிப்பை முடித்த மாணவன் ஒருவன் விடைபெற வந்து, நன்றி சொல்லிக் கையை நீட்டினான். நான் அவசரமாக இரண்டு கைகளையும் கூப்பிவிட்டேன். ஆசாரக்காரர் என்று நினைத்திருப்பான்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். தரகர் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. அதைப் பிரிக்க எனக்கு உரிமை உண்டா என்பது பக்கத்திலிருக்கும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.