ஊடும் ஊரும்

செம்மங்காட்டூர் பஞ்சாயத்து போர்டு என்ன தீர்மானம் போட்டது என்று தெரிந்துகொள்ளச் சனங்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. பொன்னன் தமுக்கடித்துக்கொண்டு தெருவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். கூட்ட நடவடிக்கைகளை எழுதி வைக்க மினிட் புத்தகம் என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது. நீல அட்டை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, போர்டு கூடுகிற சாவடியில் ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். ஊரில் குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் வந்து கேட்டுப் பார்க்கலாம் என்று விதியும் இருந்தது. அந்த விதி அச்சடித்த தாளும் அதே பெட்டிக்குள்தான் கிடந்தது. அப்புறம் யார் வந்து கேட்பார்கள்?

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே நாலு மைல் நடந்தால் செம்மங்காட்டூர். ஊருக்குக் கிழக்கே, ஓடையைத் தாண்டி ஒதுங்கிய குடியிருப்பு, கீழ்வளவு. பொன்னன் அங்கே குடியிருந்தான். 1935-இல் அவனுக்கு நாற்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, குரல் மட்டும் கணீரென்று மூன்று காடு தாண்டிக் கேட்கும். தமுக்கடிப்பது அவன் சாதிக்கு விதித்த வேலை. சாவடிக்குள் காலெடுத்து வைப்பது அதே சாதிக்கு விலக்கு. அதனால் கூட்டம் நடக்கும்போதெல்லாம் தெற்கு ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்று கேட்டுக்கொள்வான். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒன்பது மெம்பர்களில் பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். வெளியே நிற்கிற இவன் ஒரு சொல்லைத் தவற விடமாட்டான்.

கேட்டதைக் கேட்டபடியே சொல்வான் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "கடைக்குப் போனா புளி வாங்க மறந்துபோட்டு வாற மனுசன், போர்டுப் பேச்சுன்னா மட்டும் ஒரு எழுத்துத் தப்பாம ஒப்பிக்குது பாரு" என்று அவன் பெண்டாட்டி குஞ்சம்மாள் வளவு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

அந்த வருஷம் சித்திரையில் கிணறுகள் எல்லாம் வறண்டுபோயின. போர்டு கூடி, ஏரிக்கரை ஓரமாகப் பொதுக்கிணறு ஒன்று வெட்டுவது என்று முடிவு செய்தது. மெம்பர்களில் மூத்தவர் வெள்ளியங்கிரிக் கவுண்டர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "வெட்டற கெணத்துல எல்லா ஊட்டுக்காரங்களும் தண்ணி சேந்திக்கட்டும்." மற்றவர்கள் "ஆமாங்க, சரிங்க" என்றார்கள். பொன்னன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய், ஊரிலும் வளவிலும் தமுக்கடித்து, "எல்லா ஊட்டுக்காரங்களும் சேந்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊறாத தண்ணீருக்காக யார் சண்டை பிடிப்பார்கள்?

அடுத்து வந்த மாசியில் தண்ணீர் ஊறியது. அதுவரை வளவுப் பெண்கள் ஊர்க் கிணற்றருகே தள்ளி நின்று, யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை காத்துக் கிடப்பார்கள். யாருக்கும் மனமிரங்காத நாளில் மாட்டுத் தொட்டியில் மிஞ்சியதை மொண்டுகொண்டு வருவார்கள். இப்போது குஞ்சம்மாளும் இன்னும் மூன்று பேரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு புதுக்கிணற்றுக்குப் போனார்கள். கயிற்றில் கை வைப்பதற்குள் நாலைந்து ஆட்கள் ஓடிவந்து குடங்களைப் பிடுங்கி உருட்டிவிட்டார்கள். மண்குடம் இரண்டு உடைந்தது. "ஆருடி உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார்கள். "தமுக்குப் போட்டாங்களே" என்றாள் குஞ்சம்மாள். உண்மையைத்தான் சொன்னாள், பழி புருஷன் தலையில் விடிந்தது.

பிரசிடெண்ட் அர்த்தநாரிக் கவுண்டர் அவனைச் சாவடி வாசலுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏண்டா பொன்னா, போர்டு தீர்மானம் ஊர்க்காரங்களுக்குத்தான். பொஸ்தகத்துல அப்படித்தான் இருக்குது. நீ உன்ற சனத்துக்காவ ஒரு சொல்லை மாத்தித் தமுக்குப் போட்டிருக்கறயா?"

"இல்லீங்க சாமி. நான் கேட்டது எல்லா ஊட்டுக்காரங்களும்னுதானுங்க."

"அப்ப பொஸ்தகம் பொய் சொல்லுதா? தமுக்கை வெச்சுப்போட்டுப் போ. வேற ஆளைப் பாத்துக்கறோம்."

ஊர் என்றால் கவுண்டர் தெருவும் செட்டியார் தெருவும். ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பது வளவு. செம்மங்காட்டூரில் 'ஊர்க்காரர்' என்று யாராவது சொன்னால் அதில் பொன்னன் இல்லை என்பது தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். வீட்டை ஊடு என்பது அந்தச் சீமையில் எல்லோருக்கும் பொதுவான பேச்சு. ஊட்டுக்காரன் என்றால் வீடு வைத்துக் குடித்தனம் பண்ணுகிற எவனும் ஊட்டுக்காரன்தான். இந்த ஒரு சொல்லில்தான் வளவின் தண்ணீரும் அவன் பேரும் மாட்டிக்கொண்டிருந்தன.

பொய்யன் என்று பொன்னனை இதுவரை யாரும் சொன்னதில்லை. தமுக்கைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"அந்தப் பொஸ்தகத்தை ஒருக்காக் காட்டுங்க சாமி."

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "உனக்குப் படிக்கத் தெரியுமாடா?"

"படிக்கத் தெரியாதுங்க. படிச்சாக் கேட்டுக்குவேனுங்க."

சிரிப்பு அடங்கியபோது குமாஸ்தா சுவாமிநாதன் எழுந்து நின்றார். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்; பயந்த சுபாவம். "விதிப்படி அவனுக்குப் பார்க்கப் பாத்தியதை உண்டுங்க. நாளைக்குக் காலையில வரச் சொல்லட்டுமா?" என்றார். பிரசிடெண்டுக்கு முகம் சுருங்கியது. விதி என்றதால் தலையசைத்துவிட்டார்.

மறுநாள் பொன்னன் வழக்கமான ஜன்னலுக்கே போய் நின்றான். போன சித்திரைக் கூட்டத்தின் பக்கத்தைத் தேடியெடுத்துச் சுவாமிநாதன் படித்தார்: "மெம்பர் வெள்ளியங்கிரிக் கவுண்டர் பிரேரேபித்தபடி, மேற்படி கிணற்றில் ஊர்க்காரர்கள் அனைவரும் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

"ஊர்க்காரங்க இல்லீங்க சாமி. ஊட்டுக்காரங்க. எல்லா ஊட்டுக்காரங்களும்னு பெரிய கவுண்டரு சொன்னாருங்க. நான் இங்கதான் நின்னேன்."

சுவாமிநாதன் புத்தகத்தை மூடவில்லை. அதே வரியைத் திரும்பவும் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது.

"இந்தக் கூட்டம் நான் வந்து மூணாம் நாள் நடந்ததுப்பா," என்றார் மெதுவாக. "அந்த வாரம் நான் தங்கியிருந்த இடத்துல ஒரு அம்மா, 'ஊட்டுல எல்லாரும் சொகமா?'ன்னு கேட்டா. நான் 'ஊர்ல நல்ல மழை'ன்னு பதில் சொன்னேன். அவா வயித்தைப் பிடிச்சுண்டு சிரிச்சா. அந்தக் காதோடதான் இதையும் எழுதியிருக்கேன்."

"அடுத்த கூட்டத்துல படிச்சுக் காட்டியிருப்பீங்களே சாமி? அதைக்கூட நான் கேட்டிருப்பேனே?"

"படிக்கல. போன கூட்ட நடவடிக்கை படிச்சதா வெச்சுக்கலாம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டா. எப்பவும் அப்படித்தான்."

பொன்னனுக்குக் கோபம் வந்தது. வாசிக்காததை வாசித்ததாக எழுதுவார்களாம். கேட்டதைக் கேட்டபடி சொன்னவன் பொய்யனாம். ஆனால் அந்த மனிதர் தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டதை நினைத்தபோது கோபம் அடங்கிவிட்டது. சுவாமிநாதன் நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு பெட்டியைப் பூட்டியிருக்கலாம். வேலை பத்திரமாக இருந்திருக்கும். அவர் அப்படிச் செய்யாமல், தவறு தன்னுடையது, திருத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு முதல் விஷயமாக வைத்தார்.

அந்தக் கூட்டத்தன்று சாவடியைச் சுற்றிச் சனம் நெருக்கியடித்தது. வளவுக்காரர்கள் தள்ளி, கள்ளிவேலி ஓரம் நின்றார்கள். தமுக்கு இல்லாத பொன்னன் ஜன்னலுக்கு வெளியே வெறுங்கையோடு நின்றான். சுவாமிநாதன் தாளைப் படித்து முடித்ததும் பிரசிடெண்ட் வெள்ளியங்கிரிக் கவுண்டர் பக்கம் திரும்பினார்.

"மாமா, நீங்களே சொல்லிப்போடுங்க. ஊருன்னு சொன்னீங்களா, ஊடுன்னு சொன்னீங்களா?"

வெள்ளியங்கிரிக் கவுண்டர் கைத்தடியை மடியில் கிடத்திக்கொண்டார். எத்தனை பங்காளிகள் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்து, 'ஊருன்னு ஒரு சொல்லுச் சொல்லிப்போடுங்க' என்று கேட்டிருந்தார்கள் என்பது பொன்னனுக்குத் தெரியும். அவன் ஜன்னல் கம்பியோடு காதை ஒட்டிவைத்தான்.

"ஊடுன்னுதான் சொன்னேன்" என்றார் கிழவர்.

வெளியே சலசலப்பு. அர்த்தநாரிக் கவுண்டர் அதற்கும் ஒன்று வைத்திருந்தார். "சரிங்க, ஊடுன்னே இருக்கட்டும். வளவுல இருக்கறது குடிசை. குடிசை எப்படிங்க ஊடாகும்?"

மெம்பர்கள் சிரித்தார்கள். கெட்டிக்காரத்தனமான பேச்சுதான். மனிதர்களைத் தண்ணீர் குடிக்க விடாமல் செய்வதற்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனம் வேண்டியிருக்கிறது!

பத்தொன்பது வருஷமாக அந்த ஜன்னலில் நின்றவன், அதன் வழியாக உள்ளே ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குப் பேசினான்.

"சாமி, இன்னொரு பொஸ்தகமும் இருக்குதுங்க. போன வருசம் போர்டு ஆளு வந்து எங்க கதவுலெல்லாம் தாருல நெம்பரு எழுதிப்போட்டுப் போனாரே, அந்தப் பொஸ்தகம். அதையும் ஒருக்காப் படிக்கச் சொல்லுங்க."

சுவாமிநாதன் பிரசிடெண்டைப் பார்க்கவே இல்லை. பெட்டியிலிருந்து பதிவேட்டை எடுத்துப் பிரித்து, கூடுமானவரை உரக்கப் படித்தார். "கதவு எண் நூற்றுப் பதினேழு. கீழ்வளவு. பொன்னன். கூரை வீடு. நூற்றுப் பதினெட்டு. கீழ்வளவு. மாதையன். கூரை வீடு. நூற்றுப் பத்தொன்பது. கீழ்வளவு. அங்கமுத்து. கூரை வீடு."

போதும் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் நிறுத்தவில்லை. நாற்பத்தொரு பேர். ஒவ்வொரு பேருக்கும் முடிவில் வீடு, வீடு, வீடு என்று வந்தது. வேலியோரம் நின்றவர்கள் தங்கள் பேர் வரும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போர்டின் புத்தகத்தில் தங்களுக்கு வீடு இருப்பது அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பொன்னன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நல்ல அழுகைதான், அதற்காக அவன் வெட்கப்படவில்லை.

நாற்பத்தொன்றாவது பேர் முடிந்ததும் வெள்ளியங்கிரிக் கவுண்டர் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "நம்மளே எழுதி வெச்சிருக்கறோம். இதுக்கு மேல என்ன? திருத்திக்கச் சொல்லு மாப்பிள்ளை."

அர்த்தநாரிக் கவுண்டர் மீசையைத் தடவினார். பிறகு, "திருத்திக்குங்க" என்றார். எழுதியதை ஒரு தடவை படித்துக் காட்டவும் சொன்னார். அந்த போர்டில் ஒரு தீர்மானம் மெய்யாகவே வாசிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பொன்னன், போர்டு திருப்பிக் கொடுத்த தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, திருத்திய தீர்மானத்தைச் சொல்ல முதலில் ஊருக்குள் போனான். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பாதிப் பேர் இனிமேல் அந்தக் கிணற்றுப் பக்கமே வரமாட்டோம் என்றார்கள். சொன்னபடியே பழைய கிணற்றுக்குப் போகவும் செய்தார்கள். போகட்டும்.

அவன் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது குஞ்சம்மாள் கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தாள். யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் தானே கயிற்றை விட்டு, தானே இழுத்து, ஒரு குடம் சேந்தி மேலே வைத்தாள். பொன்னன் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினான். அவள் ஊற்ற ஊற்ற வயிறு முட்டக் குடித்தான்.

"எப்படி இருக்குது?" என்றாள்.

"உப்பா இருக்குது புள்ள."

அவளும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஆமா, உப்புத்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த குடத்துக்குக் கயிற்றை உள்ளே விட்டாள்.