இறைச்சிக்குப் போகும் வழி

உம்மா அந்தச் சகனை வீட்டுக்குக் கொண்டுவந்த மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுகிற அகலமான தட்டு. வெள்ளை எனாமல், விளிம்பில் நீலக் கோடு. எங்கள் வீட்டில் அன்று கலியாணமும் இல்லை, கந்தூரியும் இல்லை. அதுவரை ஆளுக்கொன்றாக வைத்துத் தின்ற எங்கள் சோற்றுக் கோப்பைகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சகனைப் பாயின் நடுவில் வைத்தார். "இண்டையிலிருந்து எல்லாரும் இதுலதான்" என்றார். காரணம் கேட்கிற துணிவு எங்களில் யாருக்கும் இருக்கவில்லை.

தனிக் கோப்பை என்பது மரக்கறியை ஒளிப்பதற்கென்றே செய்யப்பட்ட பாத்திரம். சோற்றுக்குள் புதைக்கலாம், முள்ளோடு சேர்த்து வெளியே எறியலாம், பூனைக்கும் வைத்துப் பார்க்கலாம். பூனை வெண்டிக்காய் தின்னாது என்பதை எங்கள் வீட்டில் கண்டுபிடித்தவன் நான்தான். என் பெயரில் வேறு ஆராய்ச்சி எதுவும் இல்லை.

இந்தக் கலையை எங்களுக்குக் கற்றுத் தந்த உஸ்தாத் எங்கள் வாப்பாதான். சாய்ந்தமருதுக் கரையில் மீன் எடுத்து விற்றவர். கடலால் வந்ததும் காலால் நடந்ததும் மட்டுமே சாப்பாடு என்பது அவருடைய கொள்கை. கீரையைக் கண்டால் "இத ஆட்டுக்குப் போடுங்க புள்ள" என்பார் உம்மாவிடம். பழம் என்றால் ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போகும்போது வாங்குகிற பொருள்; சுகமாக இருக்கிறவன் அப்பிள் தின்பதை ஒரு விதமான பொய்யாகவே அவர் கருதினார். கோப்பையில் விழுந்த மரக்கறியைச் சுண்டுவிரலால் ஓரத்துக்குத் தள்ளுவார். அவர் சொன்னதை நாங்கள் அவ்வளவாகக் கேட்டதில்லை. செய்ததை மட்டும் ஒன்றுவிடாமல் செய்தோம். பல் முளைத்து முடியாத என் தம்பி ஒருநாள் பூசணிக்காயை அதே சுண்டுவிரலால் அதே பாணியில் தள்ளினான். வாப்பா சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. வாப்பாவோடு கூடப்பிறந்த மூத்த காக்காவுக்கு, எங்கள் பெரியவாப்பாவுக்கு, அந்த வருசம்தான் சீனி வியாதி முற்றி ஒரு காலை வெட்டி எடுத்திருந்தார்கள். அவரும் அப்படி விரலால் தள்ளித்தான் தின்றவர். உம்மா சகன் வாங்கப் போனது அந்த விரலைப் பார்த்த பிறகுதான் என்று நினைக்கிறேன்.

சகனில் தின்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓரத்தால், அவரவர் முன்னால் உள்ளதைத்தான் தின்ன வேண்டும். நடுவில் பரக்கத்து, அல்லாஹ்வின் அருள், இறங்குகிறது; அங்கே கை போகக் கூடாது. இதை எங்களுக்குக் கலியாண வீடுகளில் புறங்கையில் தட்டித் தட்டிக் கற்றுத் தந்தவரே வாப்பாதான். உம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். சோற்றைப் பரப்பி, ஓரத்தைச் சுற்றிப் பாகற்காய், முருங்கையிலைச் சுண்டல், பூசணிக்காய், புடோலங்காய் என்று வைத்து, மாட்டிறைச்சியை மட்டும் நடுவில் குவித்தார். இறைச்சிக்குப் போக விரும்புகிறவன் தோட்டத்தைத் தின்றுதான் போக வேண்டும்.

சகன் வந்த அன்று வெள்ளிக்கிழமை. வாப்பா ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பாயில் இருந்தார். சகனை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இஞ்ச, என்ன இது? இறைச்சியச் சுத்தி வேலி போட்டிரிக்கீங்க?"

"ஓம். உள்ளுக்குப் போகப் படலை இல்லாத வேலி" என்றார் உம்மா.

வாப்பா பிஸ்மி சொல்லிக் கையை நேரே நடுவுக்குக் கொண்டுபோனார். என் தங்கை அலறினாள்: "வாப்பா! நடுவுல பரக்கத்து எறங்குது! நீங்கதானே செல்லித் தந்தீங்க!"

கை அந்தரத்தில் நின்றது. உதவி கேட்டு உம்மாவைப் பார்த்தார். உம்மாவோ தண்ணீர்க் குவளைக்குள் எதையோ மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் கையை நீட்டியபடி காத்திருந்தோம். வாப்பா கையை மெதுவாகத் திருப்பி, தன் முன்னால் இருந்த பாகற்காயைச் சோற்றோடு உருட்டி வாயில் போட்டார். எங்கள் கண்களும் அந்தக் கையோடு சேர்ந்து அவர் வாய்வரைக்கும் போயின. நிறுவையில் ஏமாற்றப்பட்ட மனிதனின் முகம் அது. விழுங்கினார்.

"சும்மா செல்லப்படாது. நல்லாத்தான் இரிக்கி."

"அப்ப ஒங்கட பக்கம் இன்னம் கொஞ்சம் வெக்கிறன்" என்றார் உம்மா.

அன்றே எல்லோரும் திருந்திவிட்டோம் என்று எழுத ஆசைதான். தம்பி பல வெள்ளிக்கிழமைகள் அழுதான். வாப்பா சாப்பாட்டு நேரம் பார்த்துக் கரைக்குப் போகப் பழகினார். அவர் வரும்வரைக்கும் சகனில் கைவைக்க உம்மா எங்களை விடவில்லை. பசித்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபடி எத்தனை நாள்தான் ஒரு மனிதன் பிந்தி வர முடியும்? சோறு முடிந்ததும் கழுவிய அதே சகனில் பப்பாசிப் பழத் துண்டுகள் வரத் தொடங்கின. யாரும் ஆஸ்பத்திரியில் இல்லாத நாளிலும் வந்தன. கடைசியில் வாப்பாவே "இண்டைக்கிக் கீரை இல்லையா?" என்று, பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்பது போலக் கேட்கும் நிலைக்கு வந்தார். பெரியவாப்பாவைவிட நெடுங்காலம், இரண்டு காலாலும் நடந்தார்.

இப்போது எனக்கே ஒரு மகன். வேலைக்கென்று உம்மாவின் கண்ணுக்கு எட்டாத ஊர்களில் இருந்த காலத்தில் ஓரத்தை மறந்து நேரே நடுவில் இறங்கிய ஆள் நான். என் வயிறு அதற்குச் சாட்சி. பையன் பொரித்த கோழியைத் தவிர வேறொன்றும் தொடமாட்டேன் என்கிறான். விற்றமின்களைப் பற்றி அவனுக்கு அருமையான பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க என்னத்துக்குத் தின்னுற இல்ல?" என்றான். தங்கை வீட்டில் இருக்கும் உம்மாவுக்கு டெலிபோன் எடுத்து முறையிட்டேன்.

"மனே, நீ அவன்ட வாயப் பாத்தது போதும். அவன் ஒன்ட வாயப் பாக்கட்டும்" என்றார் உம்மா.

போன வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் ஒரே தட்டைச் சுற்றி இருந்தோம். மனைவி என் பக்கம் பாகற்காயை வைத்தார், தாராளமாகவே வைத்தார். மகன் தன் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். நான் தின்றேன். அவனும் ஒரு துண்டை எடுத்து முன்பல்லால் கடித்தான்.

"கசக்குது வாப்பா."

"ஓம், கசக்கும். அடுத்த வெள்ளிக்கிழமையும் கசக்கும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பிடி எடுத்தேன். நான் விழுங்கும்வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்தான். பிறகு மிச்சத் துண்டையும் வாயில் போட்டு மெல்லத் தொடங்கினான்.