பல்லாவரம் கல் வீட்டின் குளியலறைக் கதவு

காலை ஏழு பத்துக்குக் குளியலறைக் கதவு திறக்க மறுத்தது. உள்ளே எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள். மழையில் ஊறிய தேக்குக் கதவு சட்டத்தோடு இறுகிவிட்டது. தாழ்ப்பாளை நீக்கிவிட்டதாக அவள் கத்தியது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

கண்டோன்மென்ட்டில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவருக்காகக் கட்டிய வீடு அது. பக்கத்து மலையில் உடைத்த கருங்கல். சன்னல் திண்டில் கால் மடக்கி உட்கார்ந்து நான் பேப்பர் படிப்பேன். சுவர் அவ்வளவு கனம். தாம்பரம் ஃபிளாட்டில் வெந்துபோய் அங்கே வாடகைக்கு வந்தவர்கள் நாங்கள். வருகிறவர்களுக்கெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டிப் பெருமைப்படுவேன்.

மகளுக்கு மூச்சிழுப்பு உண்டு. மருந்து வெளியே மேசையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் குரலும் நின்றுபோனது.

"பேசும்மா! ஏதாவது பேசு!"

இன்றும் அவள் குளிக்கப் போனால், காரணமே இல்லாமல் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

அந்தச் சுவருக்குள் செல்போன் எடுக்காது. தச்சரை அழைக்க என் மனைவி வெளியே ஓடினாள். அவள் போட்ட சத்தத்தில், தெருவில் மீன் விற்றுக்கொண்டிருந்த அக்கா கூடையை இறக்கிவிட்டு உள்ளே வந்தார். பக்கத்துப் போர்ஷன்காரர் கடப்பாரையோடு வந்தார்.

"பாத்து சார், பழைய தேக்கு..." என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"இன்னா சார் நீ! பொண்ணு உள்ள கீது, கதவுக்கு அழுவுற! குடு இப்டி!" என்று கடப்பாரையைப் பிடுங்கினார் அக்கா.

உள்ளே நடந்ததைப் பிறகுதான் அறிந்தோம். அந்தக் காலத்துத் துரை வீடுகளில் குளியலறைக்கு இரண்டு கதவுகள். இரண்டாவது, தண்ணீர் சுமப்பவர் வீட்டுக்குள் நுழையாமல் வெளியிலிருந்தே வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போவதற்கு. சுவரின் கனத்துக்குள் பதுங்கியிருந்த அந்தக் குட்டிக் கதவை, ஓனர் பூட்டி வைத்த அலமாரி என்றே நாங்கள் நினைத்திருந்தோம். கத்திக் களைத்த மகள் அதை எட்டி உதைத்திருக்கிறாள். துருப்பிடித்த தாழ் பெயர்ந்து விழுந்துவிட்டது. வெளியே புதர். அதில் புகுந்து வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்திருக்கிறாள்.

நாங்கள் எல்லோரும் "ஐலசா" போட்டுக் கடப்பாரையை நெம்பிக்கொண்டிருந்தோம். முதுகுக்குப் பின்னால், பாவாடையெல்லாம் நாயுருவி ஒட்டியிருக்க, ஈரத்தலையோடு ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, உள்ள யாரு மாட்டிக்கிட்டாங்க?"