மூன்று விசில்வரை ஒற்றைக்கால்

நாலரை வயதில் நான் சமதரையிலேயே தடுக்கி விழுவேன். டம்ளரைக் கொடுத்தால் பாதிப் பால் சட்டைக்குத்தான். "கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்று அப்பா சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் ஆனையூர் பால்வாடிக்கு ஒரு டாக்டரம்மா வந்து, பிள்ளைகளுக்குக் கைகால் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்கப் போவதாகச் சொன்னார்கள். குறை என்று எழுதிவிட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கமாட்டார்கள், சொந்தபந்தம் பட்டப்பெயர் வைத்துவிடும் என்று அம்மா தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கோச்சடையில் இருக்கும் சித்தியின் பிள்ளைக்கு முந்தின வாரமே சோதனை முடிந்திருந்தது. விடுவாளா அம்மா? போன் போட்டு, என்னென்ன செய்யச் சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் கறந்துவிட்டாள். கேள்வித்தாள் அவுட்!

எட்டு நாள் பயிற்சி. குக்கர் மூன்று விசில் விடும்வரை ஒற்றைக்காலில் நிற்கவேண்டும். அறுந்த பாசிமாலையின் மணிகளை ஷூ லேஸில் கோக்கவேண்டும். "கால ஊனுனேன்னா டாக்டரம்மா புடிச்சிட்டுப் போயிரும், பாத்துக்க" என்பாள். நான் நம்பினேன். சோறு இறங்கவில்லை, தூக்கத்திலும் மணிகள் உருண்டன. எனக்கு மணி எடுத்துக் கொடுக்கும் அம்மாவும் பாதியைக் கீழே நழுவவிட்டாள்.

சோதனையன்று மனதுக்குள் மூன்று விசில் ஊதி நின்றேன். மணியும் கோத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத்தான் மணியெல்லாம் தரையில் ஓடிவிட்டது. அவள் அம்மா கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொன்னார் டாக்டரம்மா. அந்த அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

கிளம்பும்போது, "செருப்பு வார நீயே மாட்டிக்குவியா பாப்பா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். அது சித்தி சொன்ன பட்டியலில் இல்லை. நான் வாய் திறப்பதற்குள், "அம்புட்டும் அவளே பாத்துக்குவா டாக்டர்" என்று என்னை இடுப்பில் தூக்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா வாசலைத் தாண்டிவிட்டாள். தெருமுனையில் பருத்திப்பால் வாங்கித் தந்து அழுதாள். ஜெயித்ததற்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுவருடம் ஒன்றாம் வகுப்பில் பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே பெஞ்ச். வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் களிமண் உருட்டி, பந்து பிடித்து விளையாடிவிட்டு வந்தவள். சாயங்கால மணி அடித்ததும் நான் செருப்பு வாரோடு மல்லுக்கட்டி வியர்ப்பேன். அவள் குனிந்து, கண்மூடித் திறப்பதற்குள் எனக்கு மாட்டிவிடுவாள்.

பாவம், தோற்றுப்போனவள், என்னோடு சிநேகம் பிடிக்கத்தான் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் மற்றக் காலையும் நீட்டுவேன்.